மார்கிரட் அன்ட்டியின் இரண்டு வசனங்கள்

மார்கிரட் அன்ட்டி எங்கள் ஜெர்மன் வகுப்புக்கு வந்தது மகளுக்குப் பதிலாக. மகள் நதீஷா தாதிப் பயிற்சிக்கு ஜெர்மனி போகிறேன் என்று பெயர் பதிந்து, முதல் வாரம் மட்டும் வந்துவிட்டு, நீர்கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். கட்டிய பணம் திரும்பாது என்று வகுப்பு நடத்துகிறவர்கள் சொன்னதும், அடுத்த செவ்வாய்க்கிழமை அன்ட்டியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"அவ படிக்காட்டி நான் படிக்கிறேன் மிஸ். எனக்கும் மூளை இருக்குதானே."

கமலாசனி மிஸ் சிரித்துவிட்டு, வரவுப் பதிவில் நதீஷாவின் பெயரை வெட்டி மார்கிரட் என்று எழுதிக்கொண்டார். மிஸ் யாழ்ப்பாணத்தவர். டோர்ட்முண்ட் நகரில் நீண்ட காலம் இருந்துவிட்டுக் கணவருடன் கண்டிக்கு வந்து குடியேறியவர்.

வகுப்பு நகரில் ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் நடக்கும். நான் குண்டசாலையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து பஸ் ஏறி வருவேன். படித்ததை அன்றன்றே டயரியில் எழுதிவைப்பது என் வழக்கம். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் ஜெர்மன் சொல், ஒன்றில் தமிழ், கடைசியில் சந்தேகம் என்று எழுதுவேன். கடைசிப் பகுதிதான் எப்போதும் முதலில் நிரம்பும். பக்கத்துக் கதிரையிலிருக்கும் அம்ஜத் அதை எட்டிப் பார்த்து, "ரொனி, நீ ஜெர்மனி எயார்போட்டுல எறங்கின பொறகும் இது ஜெர்மனி தானாண்டு ஆரிட்டயும் கேப்பாய்" என்பான். அவன் சொல்வதில் பிழையில்லை.

அன்ட்டியை அம்ஜத் 'மெம்பர்' என்று கூப்பிடுவான். அது பட்டப்பெயர் அல்ல. அன்ட்டி பகலில் பிலிமத்தலாவையில் ஒரு புடவைக் கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறவர். சென்ற உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து பிரதேச சபையிலும் உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களுக்காகக் கட்சி கொடுத்த பட்டியலிலிருந்து போனவர். வட்டாரத்தில் நின்று வென்ற ஆண்கள் அதை அடிக்கடி சொல்லிக் காட்டுவார்களாம்.

"'நீங்க லிஸ்ட்டுல வந்தவங்கதானே, எங்களப் போல வீடு வீடா ஏறி எறங்கியா வந்தீங்க'ன்னு கேப்பானுங்க" என்று எங்களிடம் சொல்வார். "ஏறி எறங்குனது நானுந்தான். போஸ்டர்ல இருந்த மூஞ்சிதான் அவனுங்களோடது."

அவர் பெயரைப் பட்டியலில் போடவைத்தவர் பற்றிக் என்பவர். கட்சியின் அமைப்பாளர், சபையிலும் உறுப்பினர். நதீஷாவுக்கு ஞானத்தகப்பன். அன்ட்டியின் கணவர் இறந்தபோது பெட்டி வாங்கியது முதல் கல்லறையில் சிலுவை நட்டது வரை எல்லாவற்றையும் முன்னின்று செய்தவர். 'பற்றிக் அண்ணன்' என்று அன்ட்டி சொல்லும்போது கூடப் பிறந்தவரைச் சொல்வது போலத்தான் இருக்கும்.

அந்த நாட்களில் அன்ட்டியின் மனதை அரித்துக்கொண்டிருந்தது ஹந்தானையில் உள்ள ஒரு பாதை. மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வாகனம் போகக்கூடிய பாதை அது ஒன்றுதான். சபைக்குச் சொந்தமானது. அதன் அடிவாரத்தில் காணி வாங்கி ஹோட்டல் கட்டும் ஒரு கம்பனி, பாதையை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. கொடுத்தால் கேட் போட்டுவிடுவார்கள். லயத்துச் சனங்கள் பின்பக்கத்துக் கற்படிகளால் ஏறி இறங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அன்ட்டி அந்த லயத்தில் பிறந்தவர். இப்போது கொஞ்சம் கீழே, ரோட்டோரம் குடியிருக்கிறார். மேலே ஷிரோமி என்ற பெண்ணின் மகளுக்கு மூச்சிழுப்பு. மாதத்தில் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளையை முச்சக்கர வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

"படியில தூக்கிட்டு எறங்கலாம்னு தவிசாளர் சொல்றாரு" என்றார் அன்ட்டி. "அவரு பிள்ளைய அவரு எந்தப் படியிலயும் தூக்கினதில்ல."

குத்தகைக்கு ஆதரவாகக் கைதூக்குவது என்று கட்சி முடிவெடுத்திருந்தது. சபையில் அவர்கள் பக்கத்துக்கு ஒரேயொரு ஆள்தான் கூட. அந்த ஒரு ஆள் எதிர்ப்பக்கம் போனால் பிரேரணை தோற்றுவிடும். அந்த ஒரு ஆளாகத் தான் இருந்துவிட்டால் என்ன என்று அன்ட்டி யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மிஸ் எங்களுக்குப் பிரியும் வினைகளைப் படிப்பித்தார்.

ஜெர்மன் மொழியில் சில வினைச்சொற்கள் வசனத்துக்குள் வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடும். தலைப் பகுதி கழன்று வசனத்தின் கடைசிக்குப் போய் நிற்கும். அதற்கு உதாரணமாக மிஸ் ஒரு செய்தியைச் சுருக்கி அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ஜெர்மனியில் ஒரு மாநிலத்தின் சட்டசபை உறுப்பினர் தன் கட்சியோடு கொள்கையில் பிணக்குப்பட்டு வெளியேறிய செய்தி. மிஸ் பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் தரத்துக்கு ஏற்றபடி இரண்டே வசனங்களாக ஆக்கியிருந்தார். அவர் கட்சியிலிருந்து விலகுகிறார். அவர் தன் ஆசனத்தை வைத்துக்கொள்கிறார்.

"அவுஸ்ட்றேட்டன் எண்டா விலகிறது" என்றார் மிஸ். "இங்க பாருங்கோ, ட்றிட் முன்னுக்கு நிக்குது, அவுஸ் கடைசிக்குப் போட்டுது."

"வினையே கட்சி தாவுது மிஸ்" என்றான் அம்ஜத்.

"ஓம், அப்பிடி நினைச்சுப் பாடமாக்கு. இன்னொரு கருத்தும் இருக்கு. அங்க பள்ளிக்கூடத்தில பிள்ளையள் ஒண்டுக்குப் போறதுக்கும் இதே சொல்லைத்தான் சொல்லிக் கேப்பினம்."

அம்ஜத் உடனே எழுந்து நின்று கையை உயர்த்தினான். "அப்ப மிஸ், எனக்கு அவசரமா ஒரு அவுஸ்ட்றேட்டன்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்ட்டி மட்டும் தாளிலிருந்து தலையெடுக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"மிஸ், அந்த ஆளுக்கு சீட் போகலியா?"

"இல்லை. அதுதானே ரெண்டாவது வசனம். ஸிட்ஸ் எண்டா ஆசனம். வச்சுக்கொண்டிருக்கிறார்."

"கட்சிக்காரங்க கேக்கலியா?"

"கேட்டவை. கேட்டாப்போல? சனம் குடுத்தது கட்சிக்கில்லை, ஆளுக்கு. விரும்பினா அவர் குடுக்கலாம், விருப்பமில்லையெண்டா தனியாளா இருக்கலாம். சுயேட்சை."

நான் சந்தேகப் பகுதியில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினேன். "இங்கயும் அப்படியா மிஸ்?"

"எனக்கு இங்கத்தைய விசயம் வடிவாத் தெரியாது ரொனி. ஆனா சனநாயகம் எண்டா எல்லா இடமும் ஒண்டுதானே."

வகுப்பு முடிந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு நடந்தோம். வழக்கமாக அன்ட்டி வழிநெடுக எதையாவது சொல்லிக்கொண்டே வருவார். அன்று மிஸ் கொடுத்த தாளையே பார்த்துக்கொண்டு நடந்தார். மழை விட்டிருந்தது. கடலை வண்டிக்காரனிடம் ஒரு சுருள் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, "நல்ல சட்டம்பா அது" என்றார்.

"எது அன்ட்டி?"

"வெளியில வந்து எதிர்க்கிறது. உள்ள இருந்துகிட்டுக் கைய மாத்தித் தூக்கினா அது பற்றிக் அண்ணன முதுகுல குத்துற மாதிரி. நேரா போய் 'அண்ணே, நான் விலகிட்டேன், இனி ஒங்க ஆள் இல்ல'ன்னு சொல்லிட்டு எதிர்த்தா, அதுல ஒரு மரியாதை இருக்கு. அவருக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

"இங்க அப்படி விலகினா சீட் இருக்குமான்னு யாரிடமாவது கேட்டுப் பாத்துட்டு..."

"பாராளுமன்றத்துல எத்தன பேரு கட்சி மாறி உக்காந்திருந்தாங்க, நீ டீவில பாக்கலியா? யாருக்கு சீட் போச்சு?"

நான் பார்த்திருக்கிறேன். எனக்கு நினைவில் இருந்த ஒருவருக்கும் போகவில்லை. அந்தப் பதில் எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் என் பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகு ஏதோ உறுத்திக்கொண்டேயிருந்தது. எனக்குத்தான் எல்லாமே உறுத்துமே என்று அதைத் தள்ளிவிட்டேன்.

கட்சிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், வியாழக்கிழமை நேரத்தோடு வா என்று அன்ட்டி சொல்லியிருந்தார். மேல்மாடியில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. கடிதத்தை நான்தான் எழுதித் தர வேண்டுமாம். தன் எழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்குமாம். நான் முதல்நாளே யோசித்து ஒரு நகல் தயாரித்து வந்திருந்தேன். 'மேற்படி பிரேரணை தொடர்பில் கட்சியின் நிலைப்பாட்டுடன் என்னால் உடன்பட முடியாதுள்ளமையால், இவ்விடயத்தில் சபையில் சுயாதீனமாகச் செயற்பட எண்ணியுள்ளேன் என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்.'

அன்ட்டி அதை வாய்விட்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் சுருங்கியது.

"என்ன மகன் இது. எண்ணியுள்ளேன், முடியாதுள்ளமை... போறேன்னும் இல்ல, இருக்கேன்னும் இல்ல. கதவுல நின்னுக்கிட்டுக் கால ஆட்டுற மாதிரி இருக்கு."

"கொஞ்சம் இடம் வச்சு எழுதினா நல்லதுன்னு நினைச்சேன் அன்ட்டி."

"எதுக்கு இடம்? நீ பயந்து பயந்து எழுதியிருக்கே. அந்த ஜெர்மன்காரன் எப்படி? ரெண்டு வசனம். விலகுறேன். சீட்ட வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. 'விலகுகிறேன்' என்று எழுதாமலே விடலாமே, தேவையென்றால் பிறகு எழுதலாமே என்று. ஆனால் நான் எப்போதும் இப்படித்தான், எந்த வசனத்தையும் முடிக்க விடாமல் பின்னால் ஒரு 'ஆனால்' போடுகிறவன் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் அலுப்பாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

'இன்றிலிருந்து நான் கட்சியிலிருந்து விலகுகிறேன். சபையில் எனது ஆசனத்தில் சுயேட்சை உறுப்பினராக அமர்வேன்.'

அன்ட்டி கையெழுத்துப் போட்டார். நன்றாக இருந்தது. இப்போதும் எனக்கு அந்தக் கடிதம் அழகாக எழுதப்பட்ட கடிதம் என்றுதான் தோன்றுகிறது. ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் கொழும்புக்கு, கட்சியின் பொதுச் செயலாளருக்கு அனுப்பினார். மற்றதைக் கொண்டுபோய்ப் பற்றிக் அண்ணன் வீட்டில் அவர் மனைவியின் கையில் கொடுத்தார். அவர் வீட்டில் இல்லையாம்.

பத்து நாளைக்குப் பிறகு கொழும்பிலிருந்து பதில் வந்தது. அன்ட்டி அதை வகுப்புக்கே எடுத்து வந்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். கட்சி அவருடைய விலகலை ஏற்றுக்கொண்டிருந்தது. இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி சொல்லியிருந்தது.

"சண்டை பிடிப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். "எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க பாரு."

அம்ஜத் கீழே போய்ப் பட்டிஸ் வாங்கி வந்தான். "மெம்பருக்கு சுதந்திரம் கெடச்ச நாள்" என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். மிஸ் கரும்பலகையில் சுயேட்சை உறுப்பினருக்கான ஜெர்மன் சொல்லை எழுதினார். ஃபிராக்ஷியோன்ஸ்லோஸ். குழுவற்றவர் என்று பொருள். அன்ட்டி அதைச் சொல்ல முயன்று, மூன்றாவது தடவையும் நாக்குப் பிரண்டு, தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

சபைக் கூட்டத்தன்று நான் பாமசியில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பார்வையாளர்கள் உட்காரப் பின்பக்கம் நீள வாங்கு போட்டிருப்பார்கள். மேல் லயத்திலிருந்து ஷிரோமியும் இன்னும் சிலரும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். அன்ட்டி நத்தார்ப் பண்டிகைக்கு உடுத்த நீல சாரியில் வந்து எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வாசலில் கையொப்பப் புத்தகம் வைத்திருந்த லிகிதரிடம் போனார். லிகிதர் பேனாவைக் கொடுக்கவில்லை.

"மந்திரிதுமிய, கொஞ்சம் இருங்க" என்றார், சிங்களத்தில் சபை உறுப்பினரை அழைக்கும் மரியாதையோடு. எழுந்து உள்ளே போய்ச் செயலாளரைக் கூட்டிவந்தார்.

செயலாளர் சிங்களவர். நிதானமான மனிதர். அன்ட்டியை ஓரமாக அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தேர்தல் காரியாலயத்திலிருந்து அறிவித்தல் வந்துவிட்டது. கட்சியின் பட்டியலில் வந்த ஒருவர் அந்தக் கட்சியின் அங்கத்தவராக இல்லாமல் போனால் சபையிலும் உறுப்பினராக இருக்க முடியாது. கட்சி அவருடைய விலகல் கடிதத்தை இணைத்து அனுப்பியிருந்தது. ஆசனம் வெற்றிடமாகிவிட்டது. வீட்டுக்கும் அறிவித்தல் தபாலில் போட்டிருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

அன்ட்டி மண்டபத்துப் பக்கம் திரும்பினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கதவு வழியாக அவருடைய கதிரை தெரிந்தது. மேசையில் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பற்றிக் அண்ணன் வெளியே வந்தார். வெள்ளைச் சேர்ட் போட்ட, வயிறு சற்றுத் தள்ளிய மனிதர். நான் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"ஏன் மார்கிரட் எழுதினே?"

"ஒங்களுக்குச் சொல்லாம எதிர்த்துக் கை தூக்க எனக்கு மனசு வரல அண்ணே."

"தூக்கியிருக்கலாமே. யாரு பிடிச்சா ஒன் கைய? நீ எதிர்த்து வாக்களிச்சா நாங்க ஒனக்குக் கடிதம் எழுதணும், விளக்கம் கேக்கணும், விசாரண வைக்கணும். நீ கோட்டுக்குப் போய் வழக்குப் போடுவே. அதெல்லாம் முடிய ஒரு வருசம் ஆகும். பாதை அதுக்குள்ள தப்பிச்சிருக்கும்."

"பாராளுமன்றத்துல மாறினவங்க..."

"அவங்க யாராச்சும் விலகுறேன்னு எழுதினாங்களா? நல்லா யோசிச்சுப் பாரு. சுயாதீனமா இருக்கோம்னு வாயால சொன்னாங்க. அங்கத்துவத்த விடவேயில்ல. அந்த வார்த்தைய மட்டும் ஒருத்தனும் தொட மாட்டான். இந்த நாட்டுல அரசியல் செய்யுற சின்னப் புள்ளைக்கும் அது தெரியும்."

சுயாதீனமாக. நான் முதல் நகலில் எழுதியிருந்த சொல். என் பார்வை தானாகத் தரைக்குப் போனது. அன்ட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடிதம் ஒங்க வீட்டுலதானே குடுத்தேன்" என்றார் அன்ட்டி. "அன்னைக்கே என்னக் கூப்பிட்டு ஏசியிருக்கலாமே அண்ணே."

பற்றிக் அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எனக்குக் கோவம். என்னட்ட ஒரு வார்த்த பேசாம பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டியேன்னு. ரெண்டு நாள் மேசையில வச்சிருந்தேன். மூணாம் நாள் ஒன்ன வந்து பாக்கலாம்னு பெல்ட்டக்கூட போட்டுட்டேன். கொழும்புலருந்து கோல் வந்துச்சு, அவங்களுக்கும் நீ அனுப்பியிருக்கேன்னு. அதுக்குப் பொறகு நான் வந்து என்ன செய்ய?"

உள்ளே மணி அடித்தது. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்ட்டி எங்களோடு வாங்கில் வந்து உட்கார்ந்தார். ஷிரோமிக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. அன்ட்டி தங்களுக்குத் துணையாகப் பின்னால் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தாள். முந்திய கூட்ட அறிக்கை, தெரு விளக்கு, சந்தைக் கூரை எல்லாம் முடிந்து பாதை வந்தது. ஆதரவானவர்கள் கை தூக்கினார்கள். எதிரானவர்கள் தூக்கினார்கள். பற்றிக் அண்ணன் ஆதரவாகத்தான் தூக்கினார். கை முழங்கைக்கு மேலே போகவில்லை. இரண்டு பக்கமும் சமன் என்று செயலாளர் சொன்னார். தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சமனானால் தனக்குள்ள தீர்மான வாக்கை ஆதரவாகப் போட்டார். எல்லாம் முடிந்து அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்று வியாழக்கிழமை. பின்னேரம் வகுப்பு இருந்தது. அன்ட்டி வரவில்லை. நடந்ததை நான் சொன்னபோது கமலாசனி மிஸ் சோக்குக் கட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நான் அங்கத்தையக் கதையைத்தானே சொன்னனான் பிள்ளை. இலக்கணத்துக்காகத்தானே கொண்டுவந்தனான்."

"ஒங்கட பிழை இல்ல மிஸ்" என்றான் அம்ஜத்.

பிழை யாருடையது என்று நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். மிஸ் எங்கள் கேள்விக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அன்ட்டி நேர்மையாக நடந்தார். பற்றிக் அண்ணனின் கோபத்திலும் நியாயம் இருந்தது. எதையும் சந்தேகப்படுகிறவன் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் சந்தேகம் சரியாக இருந்தது, அந்த ஒரு தடவைதான் அதை நான் நம்பவில்லை. ஆனால் இப்படி எழுதி முடிக்கும்போதும், நான் பிடிவாதமாக நின்றிருந்தால் மட்டும் அன்ட்டி கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அன்ட்டி எனக்குக் கோல் எடுத்தார். மேல் லயத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டார்.

"அவங்க வாங்குல இருந்து பாத்தாங்கதானே அன்ட்டி, தெரியுமே."

"தோத்தது தெரியும். எப்படித் தோத்ததுன்னு நான்தானே சொல்லணும்."

அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறினோம். பாதையோரமாகக் கம்பனிக்காரர்கள் இரண்டு இரும்புத் தூண்களை ஏற்கெனவே கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அன்ட்டி அவற்றைப் பார்த்துக்கொண்டே தாண்டினார். மேலே லயத்து முன்வாசலில் ஷிரோமி பாயில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கதிரையும் ஒரு ஸ்டூலும் எடுத்து வந்து போட்டாள். கதிரையை அன்ட்டிக்கு. பிறகு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வந்தது. உள்ளே பிள்ளை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. அன்று இழுப்பு இல்லை.

அன்ட்டி ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். வகுப்பு, கடிதம், கொழும்பிலிருந்து வந்த நன்றி, வாசலில் லிகிதர் பேனா தராதது எல்லாவற்றையும். கடிதத்தை எழுதியது நான் என்பதை மட்டும் விட்டுவிட்டார். நான் இடையில் புகுந்து சொல்ல வாயெடுத்தபோது, "நீ டீயக் குடி மகன்" என்றார்.

ஷிரோமி சுவரில் சாய்ந்து நின்றபடி கேட்டாள். அவளுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. எங்கோ ஒரு இடத்தில் அவளுக்கு விளங்காமல் இருப்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கு நீங்க கை தூக்கவே இல்லையாக்கா?"

"எனக்கு அங்க சீட் இல்லையேடி."

"நீங்க எங்களோட வாங்குல இருந்தீங்கதானே. அங்க இருந்தே தூக்கியிருக்கலாமே. சும்மாவாச்சும்."

"அது கணக்குல எடுக்க மாட்டாங்க."

"எடுக்காட்டிப் போகுது. நாங்க எல்லாரும் சேர்ந்து தூக்கியிருப்போம்."

அன்ட்டி கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் வேலைவாய்ப்பு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார் அன்ட்டி. "தூக்கியிருக்கலாம்."

ஷிரோமி வெறும் கோப்பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெயில் சரிந்து மிளகாயின் மேல் நிழல் விழத் தொடங்கியிருந்தது. அன்ட்டி எழுந்து, பாயின் ஒரு ஓரத்தைப் பிடித்து வெயில் விழும் பக்கமாக இழுத்தார். நான் மறு ஓரத்தைப் பிடித்தேன்.